பத்து ரூபாய் செய்யும் வேலை

நம்ம கொள்ளிட மணலில் செருப்பில்லாமல் நடக்க முடிகிறதா? பாட்டில் சில்லு எங்கே குத்தும்னு தெரியாது. "குப்பை போடாதீர்" என்று போர்டு வைத்தால் அதன் கீழேயே போடுகிறார்கள்!

நீலகிரியில் இந்தச் சில்லுகள் காட்டு யானைகளின் காலைக் கிழித்தன. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பின், 2022 மே மாதம் அங்குள்ள டாஸ்மாக் கடைகளில் ஒரு முறை வந்தது. பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதல். காலி பாட்டிலைக் கொடுத்தால் அந்த 10 ரூபாய் திரும்பக் கிடைக்கும். முன்பெல்லாம் பெட்டிக்கடையில் கலர் பாட்டிலை வீட்டுக்கு எடுத்துப் போக அட்வான்ஸ் கேட்பார்களாம், அதேதான். பொருளாதாரத்தில் இதற்குப் பெயர் வைப்புத்தொகை முறை.

இது வரி இல்லை. வரி போனால் போனதுதான். அபராதம் என்றால் படித்துறைக்கு ஒரு போலீஸ்காரர் நிற்கணும். இதில் யாரும் நிற்க வேண்டாம். குடித்தவர் வீசிவிட்டுப் போனாலும் பொறுக்குகிறவருக்கு அது 10 ரூபாய். (குடிப்பது சரியா என்பது வேறு கட்டுரை!) ஜெர்மனியில் 2003-லேயே தண்ணீர் பாட்டில், டின் இவற்றுக்கும் கொண்டுவந்துவிட்டார்கள், இப்போது ஒன்றுக்கு 25 சென்ட்.

சிக்கலும் உண்டு. திரும்பி வரும் பாட்டிலை எண்ணி அடுக்க ஆள் வேண்டும், இடம் வேண்டும். டாஸ்மாக் ஊழியர்களே வேலை கூடுகிறது என்று எதிர்த்தார்கள். உடைந்த சில்லைக் கொண்டுபோனால் காசும் கிடையாது.