பாடல் வரிகளுக்குப் பொருள் காணுதல்: "பார்ன் இன் த யு.எஸ்.ஏ." பாடலை முன்வைத்து

ஒரு பாடல் ஊரெங்கும் பரவிவிட்டால் அதன் பல்லவி எல்லோருக்கும் மனப்பாடமாகிவிடும். சரணங்களை அந்த அளவுக்கு யாரும் கவனிப்பதில்லை. பல்லவியை மட்டும் வைத்துப் பொருள் கொள்ளும்போது, பாடல் சொல்வதற்கு ஏறக்குறைய எதிரான பொருளிலேயே அது புகழ்பெறுவதும் உண்டு. அமெரிக்கப் பாடகர் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் எழுதிப் பாடிய "பார்ன் இன் த யு.எஸ்.ஏ." இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1984 ஜூன் 4 அன்று வெளியான அதே பெயருடைய இசைத்தொகுப்பின் முதல் பாடல் இது. தலைப்பின் நேர்ப்பொருள் "அமெரிக்காவில் பிறந்தவன்" என்பதாகும். இதைத் தேசப்பற்றுப் பாடல் என்று நினைத்தவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள்.

பாடல் சொல்லும் கதை

பாடலில் பேசுபவன் வேலைவாய்ப்பற்ற ஒரு சிற்றூரில் பிறந்தவன். சிறு வயதிலிருந்தே அடிபட்டு வளர்ந்தவன். ஊரில் ஏதோ ஒரு சிக்கலில் மாட்டிக்கொண்டதும் அவன் கையில் துப்பாக்கி கொடுக்கப்பட்டு வியட்நாம் போருக்கு அனுப்பப்படுகிறான். திரும்பி வந்து பெட்ரோலிய சுத்திகரிப்பு ஆலையில் வேலை கேட்கிறான், கிடைக்கவில்லை. முன்னாள் படைவீரர்களுக்கான அரசு அலுவலகத்திலும் கைவிரித்துவிடுகிறார்கள். அவனுடைய சகோதரன் ஒருவன் கே சான் என்ற இடத்தில் நடந்த போரில் இறந்துபோனான். சைகோனில் அவன் நேசித்த பெண்ணுடன் இருக்கும் ஒரு படம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. பத்தாண்டுகள் கழிந்த பிறகும் இவனுக்குப் போக்கிடம் இல்லை.

இங்கே இடப்பெயர்களுக்குத் தனிப் பொருள் உண்டு. கே சான் தளத்தை வட வியட்நாம் படைகள் 1968 ஜனவரியில் முற்றுகையிட்டன. ஏறத்தாழ 77 நாட்கள் தாக்குப்பிடித்துக் காப்பாற்றிய அந்தத் தளத்தை அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்கப் படை தானே கலைத்துவிட்டு வெளியேறியது. எதிரிகள் இன்னும் அங்கே இருக்கிறார்கள், தன் சகோதரன்தான் இல்லை என்ற கருத்தில் அவன் பேசுவதை இந்தச் செய்தியோடு சேர்த்துப் படித்தால் அதன் கசப்பு புரியும். "சகோதரன்" என்பது உடன்பிறந்தவனா, உடன் போரிட்ட தோழனா என்று பாடல் தெளிவாக்குவதில்லை. எப்படி எடுத்துக்கொண்டாலும் பொருந்துகிறது.

பேசுபவனும் எழுதியவரும் ஒருவர் அல்லர். ஸ்பிரிங்ஸ்டீன் போருக்குச் செல்லவில்லை; உடற்தகுதித் தேர்வில் அவர் தேறவில்லை. ஆனால் அவருடைய தொடக்ககால இசைக்குழுவில் டிரம்ஸ் வாசித்த இளைஞர் வியட்நாமில் இறந்தார். போரில் ஊனமுற்ற ரான் கோவிக் 1976-இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலை ஸ்பிரிங்ஸ்டீன் படித்திருந்தார்; அவரைச் சந்தித்தும் இருந்தார். 1981-இல் லாஸ் ஏஞ்சலஸில் வியட்நாம் படைவீரர்களுக்காக நிதி திரட்டும் இசைநிகழ்ச்சியும் நடத்தினார். பாடலில் வருபவன் எதிரியைத் தோல் நிறத்தை வைத்துக் குறிப்பிடுகிறான். இதை எழுதியவரின் கருத்தாக எடுத்துக்கொள்வது தவறு. அன்று படையில் புழங்கிய பேச்சு அப்படித்தான் இருந்தது.

ஒரே வரி, வெவ்வேறு பொருள்

தலைப்பு வரி ஒவ்வொரு முறையும் ஒரே பொருளில் வருவதில்லை. அது எதற்குப் பின் வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். முதலில் பிறந்த ஊரைப் பற்றிச் சொன்ன பின் வரும்போது அது ஒரு தலையெழுத்துப் போல ஒலிக்கிறது. போருக்கு அனுப்பப்பட்டதைச் சொன்ன பின் வரும்போது அதில் குத்தல் இருக்கிறது. வேலையும் உதவியும் மறுக்கப்பட்டு, சகோதரனையும் இழந்த பின் கடைசியில் வரும்போது அது உரிமைக்குரலாகிவிடுகிறது. இந்த நாட்டில் பிறந்தவனைத்தான் நீங்கள் இப்படி விட்டுவிட்டீர்கள் என்கிறான். சரணங்களை நீக்கிவிட்டால் இந்த மூன்றும் மறைந்து வெறும் முழக்கம் மட்டும் மிஞ்சும்.

காலத்தையும் மறக்கக் கூடாது. பாடல் ஒலிப்பதிவானது 1982-இல். அமெரிக்காவில் வேலையின்மை அந்த ஆண்டு இறுதியில் 10.8 சதவீதத்தைத் தொட்டது. வியட்நாமில் இறந்த 58,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களுக்காக வாஷிங்டனில் நினைவுச் சுவர் திறக்கப்பட்டதும் அதே ஆண்டு நவம்பரில்தான். போர் முடிந்து ஏழாண்டுகள் ஆகியிருந்தன.

1984 தேர்தல்

அது அதிபர் தேர்தல் ஆண்டு. பழமைவாதப் பத்தி எழுத்தாளர் ஜார்ஜ் வில், ஸ்பிரிங்ஸ்டீனின் இசைநிகழ்ச்சிக்குப் போய்வந்து செப்டம்பரில் அவரைப் புகழ்ந்து எழுதினார். சில நாட்களில், செப்டம்பர் 19 அன்று, நியூ ஜெர்சி மாநிலத்தின் ஹாமண்டன் நகரில் பேசிய அதிபர் ரொனால்ட் ரேகன், அம்மாநிலத்துக்காரரான ஸ்பிரிங்ஸ்டீனின் பாடல்களில் நம்பிக்கைச் செய்தி இருப்பதாகக் குறிப்பிட்டார். இந்தப் பாடலின் பெயரை ரேகன் சொல்லவில்லை. பின்னாளில் பலர் சொன்னதாகவே எழுதிவிட்டார்கள். ஸ்பிரிங்ஸ்டீன் அடுத்து பிட்ஸ்பர்க் மேடையில், தன் தொகுப்புகளில் அதிபருக்கு எது பிடிக்குமோ என்று கேலியாக வியந்துவிட்டு, வேலையிழந்து குற்றவாளியாகும் கார்த் தொழிலாளி ஒருவனைப் பற்றிய "ஜானி 99" பாடலைப் பாடினார். ரேகனை எதிர்த்துப் போட்டியிட்ட வால்டர் மாண்டேலும் ஸ்பிரிங்ஸ்டீனின் ஆதரவு தனக்கே என்று சொல்லி, பிறகு அதைத் திரும்பப் பெற நேர்ந்தது. ஆக, பாடகரைச் சொந்தம் கொண்டாடுவதில் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை.

கேட்டவர்கள் மட்டும்தான் தவறினார்களா?

அப்படிச் சொல்வது நியாயமாகாது. வரிகள் ஒன்று சொல்ல, இசை வேறொன்று சொல்கிறது. ராய் பிட்டன் வாசித்த சின்தசைசர் இசை எக்காளம் போல முழங்குகிறது. மேக்ஸ் வைன்பெர்க்கின் டிரம்ஸ் ஓசை வெடி போல விழுகிறது. தொகுப்பின் அட்டையில் அமெரிக்கக் கொடியின் பட்டைகள். ஆங்கிலம் நன்கு தெரிந்தவர்களும் ஒரு விளையாட்டரங்கக் கூட்டத்தில் இந்தப் பாடலைக் கேட்டால் முதலில் உணர்வது பெருமிதத்தையே. அந்தப் பெருமிதம் பாடலில் இல்லாததும் அன்று. தன் நாடு என்ற உரிமை உள்ளவனால்தான் இவ்வளவு உரக்கக் குறை சொல்ல முடியும். கேட்டவர்களின் பிழை பெருமிதத்தைக் கேட்டதில் இல்லை, அதோடு நிறுத்திக்கொண்டதில் இருக்கிறது.

எழுதியவரின் விளக்கமே இறுதியானது என்று கொள்ளலாமா என்ற கேள்வியும் இங்கே வருகிறது. ஸ்பிரிங்ஸ்டீனின் பேட்டிகள் உதவுகின்றன. ஆனால் அவை இல்லாவிட்டாலும், சரணங்களை ஒருமுறை எழுத்தில் படிப்பவருக்கு இதே பொருள் கிடைத்துவிடும். பேட்டியில் மட்டும் இருந்து பாடலில் இல்லாத பொருளாக இருந்தால் அதை ஏற்பது கடினம்.

ஸ்பிரிங்ஸ்டீன் இந்தப் பாடலை முதலில் தனியாக, ஒற்றை கிதாருடன், தாழ்ந்த குரலில் பதிவு செய்தார். அந்தப் பதிவு பல ஆண்டுகள் வெளிவராமல் கிடந்து 1998-இல் "டிராக்ஸ்" தொகுப்பில் இடம்பெற்றது. அதற்கு முன்பே, 1995-இல் தொடங்கிய தனிநபர் இசைப்பயணத்தில், எக்காள இசையும் டிரம்ஸும் இல்லாமல் இந்தப் பாடலை மேடையில் பாடத் தொடங்கியிருந்தார். அந்த வடிவத்தைக் கேட்டு யாரும் கொடி அசைத்திருக்க முடியாது. முழு இசைக்குழுவோடு பாடும்போது மட்டும் பழைய இசையே ஒலிக்கிறது. கூட்டமும் பழையபடி கையை உயர்த்திப் பல்லவியைச் சேர்ந்து பாடுகிறது.