அடுப்படியே ஆய்வுக்கூடம்!

பரீட்சை முடிஞ்சு லீவு விட்டாச்சுன்னா, "டாக்டர், பையன் எந்நேரமும் செல்போனும் கையுமா இருக்கான். கண்ணு கெட்டுப் போகாதா?" என்று தாய்மார்கள் கேட்பது வழக்கம். செல்போனைப் பிடுங்கினால் மட்டும் போதுமா? கைக்கு வேறு வேலை கொடுக்க வேண்டாமா? அந்த வேலை உங்கள் அடுப்படியிலேயே இருக்கிறது. மஞ்சள், ஜவ்வரிசி, நெல்லிக்காய், எலுமிச்சை போதும். கூடவே மருந்துக் கடையில் காயத்துக்குப் போடக் கொடுக்கும் அயோடின் மருந்து, சின்ன பாட்டில் ஒன்று.

சிவக்கும் மஞ்சள்

மஞ்சள் தூளைத் தண்ணீரில் குழைத்து வெள்ளைத் தாளில் பூசி, உலர விடுங்கள். ஈர்க்குச்சியைச் சோப்புத் தண்ணீரில் தொட்டு, பிள்ளை அதில் தன் பெயரை எழுதட்டும். எழுத்து சிவப்பாகத் தெரியும். அதன் மேல் எலுமிச்சைச் சாறு தடவினால் பழையபடி மஞ்சள்!

காரணம், மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற சத்து. அது காரத்தில் சிவக்கும், புளிப்பில் மஞ்சளாகும். காரம் என்றால் மிளகாய்க் காரம் அல்ல. சோப்பு, சோடா உப்பு, சுண்ணாம்பு இவற்றின் குணம். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பது இதனால்தான். ஆனால் பிள்ளைகள் கையில் சுண்ணாம்பு கொடுக்காதீங்க. கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

நீலமாகும் ஜவ்வரிசி

மரவள்ளிக் கிழங்கு மாவுதான் ஜவ்வரிசி ஆகிறது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்தது. ஒரு ஸ்பூன் ஜவ்வரிசியை வேகவைத்து, ஆறிய கஞ்சியில் ஒரு ஸ்பூன் எடுத்து அரை டம்ளர் தண்ணீரில் கலக்குங்கள். நாலு சொட்டு அயோடின் விட்டால் கருநீலமாகிவிடும். மாவுச்சத்து இருக்கும் இடத்தில் அயோடின் இப்படித்தான் காட்டிக் கொடுக்கும். எங்கள் ஜலகண்டாபுரம் நெசவு ஊர். பாவு நூலுக்குப் போடும் மாவுக் கஞ்சியில் ஒரு சொட்டு விட்டாலும் இதே நீலம்தான்.

காய்ச்சி ஆறிய பால் ஒரு ஸ்பூனில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். நீலம் வந்தால், பாலைக் கெட்டியாகக் காட்ட மாவு கலந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

மறையும் நீலம்

இனிதான் வேடிக்கை. அந்த நீலத் தண்ணீரை இரண்டு டம்ளரில் சமமாக ஊற்றுங்கள். ஒன்றில் நெல்லிக்காய்ச் சாறு, மற்றதில் எலுமிச்சைச் சாறு. சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கி, எத்தனை சொட்டில் நிறம் போகிறது என்று பிள்ளை எண்ணட்டும். நீலத்தைப் போக்குவதில் பெரும்பங்கு வைட்டமின் 'சி'யுடையது. அது அயோடினை நிறமில்லாத வேறு வடிவத்துக்கு மாற்றிவிடும். எலுமிச்சையைவிட நெல்லியில் அந்தச் சத்து பல மடங்கு. எண்ணிக்கையில் வித்தியாசம் தானே தெரியும்.

அயோடின் விட்ட எதையும் வாயில் வைக்கக் கூடாது. பெரியவர் பக்கத்தில் இருக்கணும். முடிந்ததும் கீழே கொட்டி, டம்ளரைச் சோப்புப் போட்டுக் கழுவணும்.

சோதனைக்கும் எல்லை உண்டு

சித்த மருத்துவக் கல்லூரியில் குணபாடம் என்றொரு பாடம். சரக்கின் நிறம், மணம், சுவை பார்க்க அதில்தான் பழகுகிறோம். ஆனால் கண்ணும் மூக்கும் காட்டாத கலப்படமும் உண்டு.

மஞ்சளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் அரை ஸ்பூன் தூளைப் போட்டு, கலக்காமல் வையுங்கள். நல்ல தூள் அடியில் தங்கி, தண்ணீர் லேசான மஞ்சளாக இருக்கும். சாயம் கலந்திருந்தால் தண்ணீரே அடர் மஞ்சளாகிவிடும். ஆனால் ஈயக் குரோமேட் என்ற மஞ்சள் பொடி தண்ணீரில் கரையாது. அதைக் கண்டுபிடிக்க இந்தச் சோதனையை நம்பக் கூடாது. அதிலுள்ள ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், படிப்பு பாதிக்கும். இவ்வளவு ஈயம் வரை பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது.

வங்காளதேசத்தில் கிழங்குக்கு மெருகேற்ற இதைப் பூசி வந்தார்கள். 2019-ல் அங்கே சந்தையில் எடுத்த மஞ்சள் மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது. ஆய்வாளர்களும் அரசும் சேர்ந்து எச்சரிக்கை, சோதனை, அபராதம் என்று இறங்கியதும் 2021-ல் அது பூஜ்யம் ஆனது.

ஆகவே கண்ணைப் பறிக்கும் பளபளப்பைப் பார்த்து மஞ்சள் வாங்காதீங்க. மெருகு போடாத, மங்கலான கிழங்கே மேல். சந்தேகம் வந்தால் உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லுங்கள். கட்டணம் கட்டி, உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்க வாங்குபவருக்கும் சட்டப்படி உரிமை உண்டு.

பிள்ளைக்கு இதையும் சேர்த்தே சொல்லிக் கொடுங்கள். சோதனை, நாம் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். பால் நீலமாகவில்லை என்றால் அதில் மாவு இல்லை, அவ்வளவுதான். தண்ணீர் கலக்கவில்லை என்று அர்த்தமில்லை. இது புரிந்த பிள்ளை, நாளைக்கு எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும் 'எப்படித் தெரியும்?' என்று ஒரு கேள்வி கேட்கும். லீவில் அதைவிடப் பெரிய படிப்பு வேறென்ன வேண்டும்?