அலாய் வீலின் ஆயுள் எங்கே இருக்கிறது?

அலாய் வீல் வாங்குகிறவர்களில் பலர் டிசைனைப் பார்க்கிறார்கள். கொஞ்சம் விவரமானவர்கள், எந்தக் கலவை, எவ்வளவு பலம் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குக் கிடைக்கும் பதில் சக்கரத்தின் ஆயுளைப் பற்றி அதிகம் சொல்லிவிடாது. வார்ப்புச் சக்கரங்களுக்குப் பரவலாகப் பயன்படும் கலவை ஒன்றுதான்: அலுமினியத்தோடு சுமார் 7 சதவீதம் சிலிக்கான், அரை சதவீதத்துக்கும் குறைவான மெக்னீசியம். கலவையும் வெப்பப் பதமும் ஒன்றாகவே இருந்தாலும், ஒரு வார்ப்பின் ஆயுள் இன்னொன்றின் ஆயுளில் பத்தில் ஒரு பங்காகிவிடலாம். இந்த வித்தியாசத்தின் பெரும்பகுதி, உருகிய உலோகம் அச்சுக்குள் இறங்கி உறைந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் உண்டானது.

ஆயுள் என்பது இங்கே எத்தனை சுற்றுகள் என்ற கணக்கு. கார் டயரின் சுற்றளவு சுமார் 2 மீட்டர். கிலோமீட்டருக்கு 500 சுற்று. ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு 5 கோடிச் சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு ஆரக்காலிலும் பாரம் ஒருமுறை ஏறி இறங்குகிறது. ஒரே தடவையில் உடைக்கத் தேவையான பாரத்தில் பாதிகூட இல்லாத பாரம், திரும்பத் திரும்ப வந்தால் விரிசலைத் தொடங்கி வைத்துவிடும். இதுதான் உலோகச் சோர்வு. ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் 1850களிலும் 60களிலும் ரயில் சக்கரங்களின் அச்சுத்தண்டுகளை வைத்து இதை முறையாக அளந்தார். சாதாரண எஃகுக்கு ஓர் எல்லை உண்டு; பாரம் அதற்குக் கீழே இருந்தால் நடைமுறையில் எத்தனை சுற்றும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான எல்லை கிடையாது. அதனால்தான் அதன் சோர்வு வலிமையை 50 கோடிச் சுற்று என்பது போன்ற ஒரு கணக்கோடு சேர்த்தே சொல்கிறார்கள்.

விரிசல் எங்கே தொடங்குகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. திரவ அலுமினியத்தில் கரைந்திருக்கும் ஹைட்ரஜனில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குக்குத்தான் உறைந்த உலோகத்தில் இடமுண்டு. மிச்சம் குமிழாகி நிற்கும். ஈரமான பழைய உலோகம், ஈரமான கரண்டி, மழைக்காலக் காற்று, எல்லாமே ஹைட்ரஜனைக் கொண்டுவருபவை. உறையும்போது உலோகம் சுருங்குவதால் கடைசியாக உறையும் இடங்களில் ஒழுங்கற்ற வெற்றிடங்கள் உண்டாகின்றன. உருண்டைக் குமிழைவிட இந்தக் கரடுமுரடான வெற்றிடம் ஆபத்தானது. மூன்றாவது எதிரி கண்ணுக்கே தெரியாதது. காய்ச்சிய பாலில் ஆடை படிவதைப் போல, உருகிய அலுமினியத்தின் மேல் நொடியில் ஆக்சைடு ஏடு படிகிறது. உலோகம் அலைபாய்ந்து விழுந்தால் அந்த ஏடு மடங்கி உள்ளே போய்விடும். மடிப்பின் இரு பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டாது. அதாவது வார்ப்பு பிறக்கும்போதே விரிசலோடு பிறக்கிறது. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் ஜான் கேம்ப்பெல் பல காலமாக வற்புறுத்திவந்த கருத்து இது. உலோகம் அச்சுக்குள் நுழையும் வேகம் நொடிக்கு அரை மீட்டரைத் தாண்டக்கூடாது என்பது அவர் தந்த வரம்பு. எல்லாப் பழியையும் ஏட்டின் மேல் போடுகிறார் என்று அவரோடு முரண்படுபவர்கள் உண்டு. ஆனால் அமைதியாக ஊற்று என்ற அறிவுரையை மறுப்பவர்கள் அரிது.

மொத்தத் துளையளவு குறைவாக இருந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. நடுவில் இருக்கும் நூறு பொடித் துளைகளைவிட, மேற்பரப்பை ஒட்டி நிற்கும் ஒரே பெரிய துளை ஆயுளை அதிகம் குறைக்கும். இந்தக் கலவையில் 0.05 மில்லிமீட்டர் துளைகூட விரிசலுக்குத் தொடக்கமாகலாம். சராசரிக் கணக்கில் இந்த ஒற்றைத் துளை கரைந்துபோகும். எக்ஸ்ரே எடுத்தால் தெரியாதா? பெரிய வெற்றிடங்கள் தெரியும், அந்த வகையில் அது அவசியம்தான். ஆனால் 20 மில்லிமீட்டர் கனமுள்ள இடத்தில் கால் மில்லிமீட்டர் துளையே தப்பிவிடக்கூடும். மடங்கிய ஏட்டுக்கோ கனமே இல்லை. சரி, ஆரக்காலைத் தடிமனாக்கிவிடலாமே என்றால், தடித்த இடம் மெதுவாக உறையும். குமிழ்கள் வளர நேரம் கிடைக்கும், உலோகத்தின் உள்ளமைப்பும் பருமனாகும். கூட்டிய கனத்தின் பலனில் ஒரு பகுதி அங்கேயே போய்விடுகிறது. ஆகவேதான் நல்ல பவுண்டரிகள் ஊற்றுவதற்கு முன்பே கவனம் வைக்கின்றன. ஆர்கான் அல்லது நைட்ரஜனைச் செலுத்தி ஹைட்ரஜனை வெளியேற்றுகிறார்கள். சிறிதளவு உருகலைக் குறைந்த காற்றழுத்தத்தில் உறையவைத்து அறுத்துப் பார்க்கிறார்கள். மேலிருந்து கொட்டாமல், குறைந்த அழுத்தத்தில் கீழிருந்து அச்சுக்குள் ஏற்றுகிறார்கள். இவ்வளவு பாடு எதற்கு, அடித்து உருவாக்கும் ஃபோர்ஜிங் சக்கரமே செய்யலாமே என்றால், செய்கிறார்கள். விலை பல மடங்கு. எல்லாப் பாகங்களுக்கும் அது சாத்தியமும் இல்லை: இன்ஜினின் சிலிண்டர் ஹெட்டில் நீர் ஓடும் வளைந்த வழிகளை எந்தச் சம்மட்டியாலும் அடித்து உண்டாக்க முடியாது. அங்கே வார்ப்புதான் வழி.

பள்ளத்தில் இறங்கி வளைந்த சக்கரத்துக்குப் பெண்டு எடுப்பது இந்தக் கதையின் இன்னொரு முகம். வளையும்போது மென்மையான அலுமினியம் இழுபடுகிறது. அதற்குள் இருக்கும் கடினமான சிலிக்கான் துகள்கள் இழுபடாமல் உடைகின்றன, அல்லது சுற்றியுள்ள உலோகத்தைவிட்டுப் பிரிகின்றன. 0.02 சதவீதம் அளவுக்கு ஸ்ட்ரான்சியம் சேர்த்தால் தகடுபோல் வளரும் சிலிக்கான் மெல்லிய இழைகளாக மாறி ஓரளவு தாக்குப்பிடிக்கும். அப்படியும், அச்சிலிருந்து வெளியே வந்தபோது இல்லாத புதிய விரிசல்கள் இப்போது வந்துவிட்டன. கேஸ் விளக்கால் சூடாக்கி நிமிர்த்தினால் இன்னொரு கேடு சேருகிறது. தொழிற்சாலையில் சுமார் 540 டிகிரியில் சூடாக்கி, நீரில் குளிரவைத்து, பின் 150 முதல் 170 டிகிரியில் பதப்படுத்திக் கொடுத்த வலிமை, சுடர் பட்ட இடத்தில் மட்டும் இறங்கிப்போகும். நிமிர்ந்து, பெயின்ட் அடித்து வரும் சக்கரம் வட்டமாக ஓடும். பேலன்சிங் மெஷினும் சரி என்றே சொல்லும். உடைந்த துகள்களை அளக்க அந்த மெஷினில் வழியில்லை.