மாப்பிள்ளை கற்ற தொழில்

செருப்பு வாசலோடு சரி என்பது நம் வீடுகளில் எழுதாத சட்டம். கோயில் என்றால் கேட்கவே வேண்டாம். வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு, தரிசனம் முடிகிற வரையில் மனசில் பாதியை அதன் மேலேயே வைத்துக்கொண்டிருப்போம். ஆனால் தாமிரபரணிக் கரையில் ஒரு சந்நிதி இருக்கிறது. அங்கே ஸ்வாமிக்கே புதுச் செருப்பு வாங்கிக்கொண்டு போகிறார்கள். பூ, பழம், தேங்காயோடு தோல் செருப்பும் ஒரு ஜோடி!

திருநெல்வேலியிலிருந்து மேற்கே அம்பாசமுத்திரம் வழியாகப் பாபநாசம் போய், அங்கிருந்து காரையாற்றுக்கு மலையேறினால் வருவது சொரிமுத்து அய்யனார் கோயில். ஆடி அமாவாசைக்குக் காடே கொள்ளாத கூட்டம். சிங்கம்பட்டி ஜமீனைச் சேர்ந்த முருகதாஸ் தீர்த்தபதி 2020-ம் ஆண்டு மே மாதம் காலமாகும் வரையில், அந்த நாளில் ராஜ உடையில் ஜனங்களுக்குக் காட்சி கொடுப்பது வழக்கம். அய்யனாரைச் சுற்றிப் பல பரிவார தெய்வங்கள். அவர்களில் ஒருவர் பட்டவராயன். பக்கத்தில் பொம்மக்கா, திம்மக்கா என்று இரண்டு தேவியர். செருப்புக் காணிக்கை இந்தப் பட்டவராயனுக்குத்தான். காணிக்கை வைத்த செருப்பை அடுத்த தடவை வந்து பார்த்தால் அடி தேய்ந்திருக்கும், ராத்திரியில் ஸ்வாமி போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றி வருகிறார் என்பது பக்தர்களின் நம்பிக்கை. தேய்மானத்தை அளந்து பார்க்க நான் போகவில்லை. ஸ்வாமி ஏன் செருப்பின் மேல் இத்தனை பிரியம் வைத்தார் என்பதுதான் என்னை இழுத்தது.

வில்லுப்பாட்டுக் கேட்டிருக்கிற திருநெல்வேலி, நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு இந்தக் கதை தெரியும். முத்துப்பட்டன் ஆரியநாட்டுப் பிராமணப் பிள்ளை. அண்ணன்மாரோடு மனஸ்தாபப்பட்டு வீட்டை விட்டுப் போய், கொட்டாரக்கரை ராஜாவிடம் சேவகம் பார்க்கிறான். பிறகு அண்ணன்மார் சமாதானம் பண்ணி அழைத்து வருகிற வழியில், மலையடிவாரத்தில் இரண்டு பெண்களைப் பார்க்கிறான். பார்த்த மாத்திரத்தில் மனசு போய்விடுகிறது. அவர்கள் மாடு காக்கும் வாலப்பகடையின் பெண்கள். செருப்புத் தைக்கும் குலம். பெண்கள் பயந்து ஓடித் தகப்பனிடம் சொல்ல, அவர் அரிவாளோடு வருகிறார். பட்டனோ, "உங்கள் பெண்களை எனக்குக் கட்டிக் கொடுங்கள்" என்று நிற்கிறான்.

வாலப்பகடை கெட்டிக்காரர். "பெரிய இடத்துப் பிள்ளை, இன்றைக்கு ஆசைப்படுவான், நாளைக்கு விட்டுவிட்டுப் போய்விடுவான்" என்று எந்தத் தகப்பனுக்கும் தோன்றுமல்லவா? அதனால் நிபந்தனை போட்டார். அண்ணன் தம்பி உறவை விட வேண்டும். குடுமியை எடுக்க வேண்டும், பூணூலை அறுக்க வேண்டும். அதற்கு மேல் செருப்புத் தைக்கவும் கற்றுக்கொண்டு, தைத்த செருப்போடு வந்து நிற்க வேண்டும்!

பட்டன் அத்தனையும் செய்தான். அண்ணன்மார் அவனைத் தடுக்கப் பார்த்தும் பலிக்கவில்லை. கல்யாணமும் நடந்தது. ஆனால் கல்யாண ராத்திரியிலேயே மாமனாரின் மாடுகளைக் கள்வர்கள் ஓட்டிக்கொண்டு போகிற சேதி வருகிறது. பட்டன் போய் அவர்களை வெல்கிறான். கடைசியில் மறைந்திருந்த ஒருவன் முதுகில் குத்தியதால் உயிரை விடுகிறான். பொம்மக்காவும் திம்மக்காவும் அவன் சிதையிலேயே தீப்பாய்ந்தார்கள் என்று கதை முடிகிறது. இந்த முடிவைக் கேட்டு அழாத பெண்கள் அந்தச் சீமையில் இருந்திருக்க மாட்டார்கள். என்றாலும், எனக்குப் பிடித்த இடம் நடுவில் வருகிற அந்த நிபந்தனைதான்.

யோசித்துப் பாருங்கள். குடுமியை எடுக்க ஒரு நாழிகை ஆகாது. பூணூலை அறுக்க ஒரு நொடி போதும். ஆத்திரத்திலோ ஆசையிலோ இரண்டையும் செய்துவிடலாம். செருப்புத் தைப்பது அப்படியல்ல. ஒருவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவர் கையைப் பார்த்து, அவர் திட்டுவதை வாங்கிக்கொண்டு, விரலைக் குத்திக்கொண்டு, நாள்கணக்கில் பழக வேண்டும். ஒரு நூலைக் கழற்றியவன் வேறொரு நூலை மெழுகு தடவிக் கையில் எடுக்க வேண்டும். மாப்பிள்ளையின் மனசை அளக்க மாமனார் சரியான கோலைத்தான் எடுத்திருக்கிறார். பட்டனுக்குப் பக்கத்தில் இருந்து யார் கற்றுக்கொடுத்தார்களோ! அவன் முதலில் கோணலாகத் தைத்ததைப் பார்த்துப் பொம்மக்காவும் திம்மக்காவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்ள எனக்கு ஆசை.

கற்றுக்குட்டிக்கு அதில் என்ன அப்படிக் கஷ்டம் என்று கேட்பீர்கள். செருப்பின் அடி அட்டையை வெட்டுவதற்குக் கைப்பலம் வேண்டும், அவ்வளவுதான். வித்தை இருப்பது வாரிலும் கட்டை விரல் நுழைகிற வளையத்திலும். அந்தச் சின்ன வளையம்தான் முழுச் செருப்பையும் காலோடு பிடித்து வைத்திருக்கிறது. தளர்ந்தால் செருப்பு நடையில் கழன்று போகும், இறுகினால் கடிக்கும். அதுவும் தோல் நாளாக ஆக இளகிக் கொடுக்கிற சரக்கு. இன்றைக்குச் சரியாக இருந்தால் அடுத்த மாசம் தொளதொளவென்று ஆகிவிடும். ஆகவே கொஞ்சம் இறுக்கமாகவே தைக்க வேண்டும். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பது எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது. கைதான் சொல்ல வேண்டும்.

தோலில் எந்தப் பாகம் என்பதும் முக்கியம். மாட்டின் முதுகுப் பக்கத்துத் தோல் கெட்டி. வயிற்றுப் பக்கத்துத் தோல் இழுத்த இழுப்புக்கு வரும். வாருக்கு முதுகுத் தோலை, முதுகெலும்பு ஓடுகிற திசையிலேயே நீளமாக வெட்டுவார்கள். குறுக்கே வெட்டிய வார் சீக்கிரம் நீண்டுவிடும். பதனிடுவதிலும் இரண்டு ரகம். ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்ற தாவரச் சரக்கில் பதனிட்ட தோல், நனைத்து மடித்தால் மடித்த இடத்தில் நிற்கும். திருச்சி, திண்டுக்கல், ஈரோட்டுப் பக்கம் இந்தத் தொழில் வெகு காலமாக இருந்து வருகிறது. குரோமியம் உப்பில் பதனிட்டது மெத்தென்று துவளும். வெட்டிய ஓரத்தில் பெரும்பாலும் இலேசாக நீலச் சாம்பல் நிறம் தெரியும். வளையத்துக்கு முதல் ரகம்தான் சரி.

தைப்பதைப் பற்றிச் சொன்னால் நம் வீட்டுத் தையல் மெஷினுக்குக் கோபம் வரும். மெஷின் தையலில் மேல் நூல் ஒன்று, கீழ் நூல் ஒன்று. இரண்டும் ஒன்றையொன்று கொக்கி போட்டுப் பிடித்திருக்கும். ஓர் இடத்தில் அறுந்தால் அடுத்தடுத்துப் பிரியத் தொடங்கிவிடும். தோல்காரரின் கைத்தையலில் ஒரே நூல். இரண்டு முனையிலும் இரண்டு ஊசி. குத்தூசியால் போட்ட ஒவ்வொரு துளையிலும் ஓர் ஊசி இந்தப் பக்கமிருந்தும், மற்றது அந்தப் பக்கமிருந்தும் போகும். ஒரு தையல் அறுந்தாலும் எதிர்ப்பக்கத்து நூல் அதே இடத்தில் பிடித்துக்கொண்டு நிற்கும். மெழுகு தடவிய நூல் துளைக்குள் கெட்டியாக ஒட்டிக்கொள்வதால் அவிழவும் அவிழாது. குதிரைச் சேணம் தைத்து வந்ததும் இந்தத் தையலில்தான். நடுவழியில் சேணம் பிரிந்தால் ஆள் கீழே அல்லவா விழுவான்!

துணியில் ஊசி தவறாகக் குத்தினால் நகத்தால் நீவிவிட்டால் துளை மறைந்து போகும். தோல் மன்னிக்காது. போட்ட துளை போட்டதுதான். பட்டனின் முதல் ஜோடியில் எத்தனை அநாவசியத் துளை இருந்ததோ!

இதைப் படிக்கிற சகோதரிகள் செருப்பே தைக்க வேண்டாம். கைப்பையின் வாரிலும், கைக்கடிகார வாரிலும் நுனியைப் பிடித்து வைக்க ஒரு குட்டி வளையம் இருக்கிறதே, முதலில் அறுகிறது அதுதான். அது ஒன்று போனால் வாரின் நுனி நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கும். நல்ல பையைத் தூக்கி மூலையில் போட்டுவிடுகிறோம். அந்த வளையத்தை ஒரு மாலைப் பொழுதில் வீட்டிலேயே தைத்துவிடலாம். உடைந்த பழைய பெல்ட்டு ஒன்று இருந்தால் சரக்குக்குக் கூடக் கடைக்குப் போக வேண்டியதில்லை. முழுத் தோலாக இருக்கிறதா என்று மட்டும் ஓரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ரெக்ஸின் உதவாது.

அளவுதான் பாதி வேலை. பக்கிளில் மாட்டியபின் வார் இரண்டு மடிப்பாக இருக்கும். உதாரணமாக, அகலம் 20 மில்லிமீட்டர், இரண்டு மடிப்பும் சேர்ந்து கனம் 4 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு 48. வளையத் தோலுக்கும் கனம் உண்டு அல்லவா? 1.5 மில்லிமீட்டர்க் கனத்துத் தோல் வளைந்து வருவதற்கு இன்னும் ஏறக்குறைய 5 வேண்டும். ஆக 53. கணக்குப் பிடிக்காதவர்கள் காகிதத் துண்டைச் சுற்றிக் குறித்துக்கொண்டு, அந்த 5-ஐ மட்டும் கூட்டிக்கொள்ளலாம். "தளர்வாக இருக்கட்டுமே" என்று தாராளம் காட்டாதீர்கள். தாராளத்தைத் தோல் தானே காட்டும். பட்டையின் அகலம் 8 மில்லிமீட்டர் போதும். இரும்பு அடிக்கோலை வைத்து, கூரான பிளேடால் ஒரே இழுப்பில் வெட்ட வேண்டும். அறுத்து அறுத்து வெட்டினால் ஓரம் எலி கடித்த மாதிரி ஆகிவிடும்.

இரண்டு நுனிகளும் ஒன்றன் மேல் ஒன்று ஏறக் கூடாது. நேருக்கு நேர் முட்ட வேண்டும். ஏறினால் புடைத்துக்கொண்டு புடவையில் மாட்டும். ஒவ்வொரு நுனியிலும், விளிம்பிலிருந்து இரண்டரை மில்லிமீட்டர் தள்ளி, மூன்று துளை. இடைவெளி சமமாக வர, அடிக்கோலால் அளந்து அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். பலகையின் மேல் வைத்துக் குத்தூசியால் துளை போடுங்கள். கையில் பிடித்துக்கொண்டு குத்துகிறவர்களுக்குத் துணையாகப் பஞ்சும் டிஞ்சரும் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

ஒரு முழ நூலில் தேன்மெழுகோ மெழுகுவர்த்தியோ தடவி, இரண்டு முனையிலும் மொண்ணை ஊசி கோத்துக்கொள்ளுங்கள். முதல் ஜோடித் துளைகளில் இரண்டு ஊசியையும் உள்ளேயிருந்து வெளியே எடுங்கள். வெளிப்பக்கத்தில் இடது ஊசி வலது துளைக்குள் இறங்கட்டும், வலது ஊசி இடது துளைக்குள் இறங்கட்டும். உள்ளே போன இரண்டும் ஒன்றையொன்று குறுக்காகத் தாண்டி அடுத்த ஜோடித் துளைகளில் வெளியே வரட்டும். இப்படியே மூன்று ஜோடியும். வெளியே மூன்று நேர்கோடு தெரியும். உள்ளே பெருக்கல் குறி விழும். ஒரே துளையில் இரண்டாவது ஊசி போகிறபோது முதல் நூலை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஊசி நூலையே துளைத்துவிட்டால் பிறகு இறுக்க முடியாது. இரண்டு நூலையும் ஒரே பலத்தில் இழுப்பதுதான் பழக்கத்தில் வருகிற விஷயம். முடிச்சு உட்பக்கத்தில் இருக்கட்டும்.

தைத்ததும் வளையத்தை ஈரத் துணியால் நனைத்து, வாரின் அளவுள்ள மரத் துண்டில் மாட்டி நிழலில் காயவிட வேண்டும். வெயிலிலோ அடுப்படியிலோ வைத்தால் கருவாடாக விறைத்துப்போகும். காய்ந்தபின் ஓரத்தை ஈர விரலால் தேய்த்து மெழுகு பூசினால் பளபளப்பு வரும். விளக்கெண்ணெய் ஒரு சொட்டுப் போதும். இரண்டு சொட்டு விட்டால் துவண்டுவிடும்.

முதல் வளையம் சரியாக வராது. மூன்றாவது வரும். அதற்குள் இன்னொன்றும் நடக்கும்: தெருமுனையில் குடையடியில் உட்கார்ந்து தைக்கிறவரிடம் செருப்பை நீட்டி, "இதற்கா இவ்வளவு கேட்கிறாய்?" என்று பேரம் பேச நாக்கு எழாது.

நாம் அவரை "வாருங்கள், போங்கள்" என்று சொல்லக் கற்றுக்கொண்டதே எவ்வளவு தாமதமாக! ஊருக்கெல்லாம் செருப்புத் தைத்துக் கொடுத்தவர்கள், ஊர்த் தெருவில் தங்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடக்க வேண்டும் என்று வைத்திருந்த ஊர்கள் நம் நாட்டில் உண்டு. தீண்டாமை ஒழிந்தது என்று 1950-ல் அரசியல் சட்டம் சொல்லிற்று. 1955-ல் அதற்குத் தண்டனைச் சட்டமும் வந்தது. தமிழ்நாட்டில் அருந்ததியர் சமூகத்துக்கு 3 சதவிகித உள் ஒதுக்கீடு கிடைக்க 2009 வரை ஆயிற்று.

முத்துப்பட்டன் கதையிலும் கை வைத்திருக்கிறார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். பொம்மக்காவும் திம்மக்காவும் பிறப்பில் பிராமணப் பெண்களாம். குழந்தைகளாகக் காட்டில் கிடந்தவர்களை வாலப்பகடை எடுத்து வளர்த்தாராம். சில பாடங்களில் இப்படி ஒரு துணுக்கு இருக்கிறது. நாங்குநேரிக்காரரான பேராசிரியர் நா. வானமாமலை, 1971-ல் மதுரைப் பல்கலைக்கழக வெளியீடாக இந்தக் கதையைப் பதிப்பித்தவர். அந்தத் துணுக்கு பிற்காலத்தில் சேர்க்கப்பட்டது என்பது அவர் கருத்து. எனக்கும் அப்படித்தான் படுகிறது. பெண்கள் பிராமணப் பெண்களே என்றால், மாப்பிள்ளை எதற்காகத் தோலையும் குத்தூசியையும் தொட வேண்டும்? யாரோ ஒருவருக்கு அந்தக் கல்யாணம் உறுத்தியிருக்கிறது. கதையைப் பிரித்து வேறு மாதிரி தைக்கப் பார்த்திருக்கிறார். ஆனால் கோயிலுக்கு வருகிற ஜனங்கள் அந்தத் திருத்தத்தைச் சட்டை செய்யவில்லை. செருப்பைத்தான் கொண்டுவருகிறார்கள்.

போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கோயில் இருப்பது களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள். வண்டிகளுக்கும் தங்குவதற்கும் வனத் துறையின் கட்டுப்பாடுகள் உண்டு. ஆடி அமாவாசைச் சமயத்துக்கு ஏற்பாடுகளே தனி. புறப்படுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். காணிக்கைச் செருப்பு வாங்குவதென்றால் ரப்பர் செருப்பு வேண்டாம். கையால் தைத்த தோல் செருப்பாகப் பாருங்கள். கட்டை விரல் வளையத்தை இழுத்துப் பார்த்து வாங்குங்கள்.