“வா” என்றால் ஏன் ஓடுகிறது நாய்?

உத்திரமேரூர்க் கடைத்தெரு. மாலை நேரம். நல்ல கூட்டம். வாசலில் கட்டியிருந்த நாய் கயிற்றை உருவிக்கொண்டு ஓடிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாயின் பெயர் மணி. வீட்டுப் பையன் அதன் பின்னால் ஓடுகிறான்.

“மணி, வா! மணி, இங்கே வா!”

மணி திரும்பிப் பார்க்கிறது. வாலை ஆட்டுகிறது. மறுபடியும் ஓடுகிறது. பையனுக்கு மூச்சு வாங்குகிறது. எப்படியோ பிடித்துவிட்டான். பிடித்ததும் முதுகில் நாலு சாத்து. “சொன்ன பேச்சைக் கேட்காத நாய்!” என்று திட்டிக்கொண்டே இழுத்துப் போகிறான்.

எந்த ஊரிலும் நடக்கிற சங்கதிதான். ஆனால் தப்பு யார் மேல்?

பையனின் வாய் “வா” என்றது. அவனுடைய கால்களோ துரத்தின. நாய்களுக்குள் ஒன்று ஓடுவதும் இன்னொன்று துரத்துவதும் விளையாட்டு. மணி விளையாடியது, அவ்வளவுதான்! கடைசியில் பையன் கையில் அகப்பட்டதும் அடி விழுந்தது. ஆகவே மணி அன்றைக்கு இரண்டு பாடம் படித்துக்கொண்டது. “வா” என்றால் ஓட்டப் பந்தயம். கையில் அகப்பட்டால் உதை. நாளைக்கு அது இன்னும் வேகமாக ஓடும்.

கணக்குப் போட்ட குதிரை

மிருகங்கள் மனிதனுடைய வாயைவிட அவன் உடம்பைத்தான் கூர்ந்து பார்க்கின்றன. இதற்கு ஒரு பழைய கதை உண்டு. கதை என்றால் கட்டுக்கதை அல்ல, நடந்தது.

சுமார் 120 ஆண்டுகளுக்கு முன்பு ஜெர்மனியில் பெர்லின் நகரத்தில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை இருந்தது. அதன் சொந்தக்காரர் ஃபான் ஆஸ்டன். “மூன்றும் நாலும் எவ்வளவு?” என்று கேட்டால் குதிரை காலால் ஏழு தடவை தரையில் தட்டும். ஊரே அதிசயித்தது. 1907-ல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற ஆராய்ச்சியாளர் குட்டை உடைத்தார். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரைக்கும் விடை தெரியவில்லை! ஏழாவது தட்டு வந்ததும் கேட்பவர் தம்மை அறியாமல் தலையைத் துளி அசைப்பார். குதிரை அதைப் பார்த்து நிறுத்திவிடும். அந்த மனிதர் ஏமாற்றவில்லை. தாம் தலையை அசைப்பதே அவருக்குத் தெரியாது.

குதிரையே இப்படி என்றால், ஆயிரக்கணக்கான வருஷங்களாக மனிதன் வாசலிலேயே படுத்திருக்கும் நாயைப் பற்றிக் கேட்பானேன்?

நம் நாட்டுத் தெரு நாய்களை வைத்தே ஒரு சோதனை நடந்திருக்கிறது. கொல்கத்தா இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த அனிந்திதா பத்ராவும் அவருடைய குழுவினரும் அதை நடத்தினார்கள். முடிவு 2020-ல் வெளியாயிற்று. யாரும் பழக்காத 160 தெரு நாய்களுக்கு எதிரே இரண்டு மூடிய கிண்ணங்கள் வைக்கப்பட்டன. ஓர் ஆள் ஒரு கிண்ணத்தைக் கையால் காட்டினார். பாதி நாய்கள் பயந்து கிட்டேயே வரவில்லை. ஆனால் வந்த நாய்களில் 100-க்கு 80 போலக் கைகாட்டிய கிண்ணத்துக்கே போயின. சோறு போட்டு வளர்க்காத நாய்க்கும் அறிமுகமில்லாத மனிதனின் கை புரிகிறது!

அப்படியானால் வீட்டு நாய்க்கு ஏன் புரிவதில்லை? கை ஒன்று சொல்லி, கால் ஒன்று சொல்லி, வாய் மூன்றாவதாக ஒன்று சொன்னால், பாவம், அது எதைக் கேட்கும்?

தடை தாண்டும் ஓட்டம்

இந்தக் குழப்பத்தைக் கண்ணாடி போலக் காட்டுகிற ஒரு விளையாட்டு இருக்கிறது. ‘அஜிலிட்டி’ என்று பெயர். 1978-ல் லண்டனில் நடந்த கிரஃப்ட்ஸ் என்ற பெரிய நாய்க் கண்காட்சியில் இது பிறந்தது. நடுவில் கிடைத்த ஓய்வு நேரத்தில் கூட்டத்துக்கு வேடிக்கை காட்ட ஏதாவது வேண்டுமே என்று கண்காட்சிக் குழுவிலிருந்த ஜான் வார்லி யோசித்தார். குதிரைகள் தடை தாண்டுவது போல நாய்கள் தாண்டினால் என்ன? பீட்டர் மீன்வெல் என்ற பயிற்சியாளர் தடைகளை அமைத்துக் கொடுத்தார். வேடிக்கைக்கு வந்தது, இரண்டே வருஷத்தில் அங்கீகாரம் பெற்ற போட்டியாகி, பிறகு உலகமெல்லாம் பரவிவிட்டது.

நாய் குறுக்குக் கட்டையைத் தாண்ட வேண்டும். குழாய் போன்ற சுரங்கத்தில் நுழைந்து வர வேண்டும். நட்டு வைத்த கம்புகளுக்கு இடையே பாம்பு போல வளைந்து வளைந்து ஓட வேண்டும். ஏற்றப் பலகையில் ஏறி ஒழுங்காக இறங்க வேண்டும். கழுத்தில் கயிறு கிடையாது. கூட ஓடுகிறவர் நாயைத் தொடக்கூடாது. கையில் தின்பண்டமும் கூடாது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. எந்தத் தடைக்குப் பின் எந்தத் தடை என்பது ஒவ்வொரு போட்டியிலும் மாறும். மனிதர் மட்டும் முன்னதாக நடந்து பார்த்துக்கொள்ளலாம். நாய்க்கு அந்தச் சலுகை இல்லை. அது முழுக்க முழுக்கத் தன் ஆளைத்தான் நம்பி ஓடுகிறது. நாய் தப்பான தடையைத் தாண்டிவிட்டால் கை தேர்ந்தவர்கள் நாயைப் பார்ப்பதில்லை. “அந்த நேரத்தில் என் தோள் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது?” என்றுதான் கேட்டுக்கொள்கிறார்கள். பெரும்பாலும் விடை அங்கேதான் இருக்கும்.

களத்து மேட்டிலே

லண்டன் சமாசாரம் நமக்கு எதற்கு என்று தோன்றலாம். உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமங்களில் அறுவடை முடிந்துவிட்டால் நெற்களம் காலியாகக் கிடக்கிறது. அதுவே போதும். செலவு ஒன்றும் பெரிதாக இல்லை.

இரண்டு பக்கமும் இரண்டிரண்டு செங்கல். மேலே ஒரு சவுக்குக் கம்பு. கால் பட்டால் கம்பு உருண்டு விழ வேண்டும். கட்டி வைக்கக் கூடாது. ஒரு நீள பெஞ்சின் மேல் சாக்கைப் போட்டு இரண்டு பக்கமும் தொங்கவிட்டால் சுரங்கம். இரண்டடிக்கு ஒன்றாக ஆறு குச்சிகள் நட்டால் வளைந்தோடும் பாதை. அகலமான பலகையைச் செங்கல் மேல் ஆடாமல் வைத்தால் பாலம். ஓரத்தில் கயிற்றுக் கட்டில். அதில் ஏறி உட்கார்ந்து, சொல்லும்வரை இறங்காமல் இருக்க வேண்டும்.

பார்ப்பதற்குச் சர்க்கஸ் போல இருக்கும். ஆனால் பயிற்சி நாய்க்கு மட்டும் அல்ல.

மணியையே கொண்டு வரலாம். சுரங்கத்தின் ஒரு வாயில் அக்கா மணியைப் பிடித்துக்கொள்கிறாள். பையன் மறு வாயில் குனிந்து, மணியின் கண்ணைப் பார்த்து, “நுழை!” என்கிறான். இருட்டைக் கண்டு மணி தயங்குகிறது. இழுக்கக் கூடாது, தள்ளவும் கூடாது. சாக்கைத் தூக்கிக் கொஞ்சம் வெளிச்சம் விட்டால் போதும். மணி புகுந்து வருகிறது. வந்த அந்த நொடியே “சபாஷ்!” அதோடு வேகவைத்த முட்டையில் ஒரு துண்டு.

அந்த நொடியே என்பதுதான் முக்கியம். “உட்கார்” என்றதும் நாய் உட்காருகிறது. எஜமானர் மடியைத் தடவிப் பொட்டலத்தைப் பிரிக்கிறார். அதற்குள் நாய் எழுந்துவிட்டது. அப்போது முட்டை கிடைக்கிறது. நாய் என்ன நினைக்கும்? எழுந்ததற்குக் கூலி என்று நினைக்கும்!

இனிக் கம்பு தாண்டுதல். பையன் வாய் “தாண்டு” என்கிறது. ஆனால் அவன் மார்பும் கால் விரலும் கட்டிலைப் பார்த்திருக்கின்றன. மணி நேராகக் கட்டிலுக்கு ஓடுகிறது. பையன் கோபப்படலாம். அல்லது தன் காலைக் குனிந்து பார்க்கலாம். பாதத்தைக் கம்பின் பக்கம் திருப்பிக்கொண்டு இரண்டு எட்டு ஓடினால் மணியும் கூடவே தாண்டிவிடும். வாய் திறக்க வேண்டிய அவசியம்கூட இராது.

தமிழ் தெரியுமா நாய்க்கு?

நாய்க்கு இங்கிலீஷில்தான் சொல்ல வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். “சிட்”, “கம்” என்று சொல்லிப் பழக்குகிறார்கள். நாய்க்குத் தமிழும் ஒன்றுதான், இங்கிலீஷும் ஒன்றுதான். அதற்கு வேண்டியது வேறு வேறாகக் கேட்கும் சத்தம்.

இதில் தமிழர்கள் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். “ஏறு” என்பதையும் “இரு” என்பதையும் அவசரத்தில் சொல்லிப் பாருங்கள். நாய் காதுக்கு அண்ணன் தம்பி போல இருக்கும். ஹங்கேரி நாட்டு ஆராய்ச்சியாளர்கள் நாய்களின் மூளை அலைகளை அளந்து 2020-ல் ஒரு முடிவு சொன்னார்கள். தெரிந்த சொல்லுக்கும், அதைப்போலவே ஒலிக்கும் அர்த்தமில்லாத சொல்லுக்கும் நாயின் மூளை வித்தியாசம் காட்டவில்லை. ஆகவே “ஏறு” என்று வைத்துக்கொண்டால் “இரு” வேண்டாம். அதற்குப் பதில் “நில்” என்று வைத்துக்கொள்ளலாம்.

குரலும் கவனிக்க வேண்டியது. அதே நாட்டில் 2016-ல் அட்டிலா ஆண்டிக்ஸ் குழுவினர் நாய்களை ஸ்கேன் கருவியில் அசையாமல் படுக்கப் பழக்கி, மூளையைப் படம் பிடித்தார்கள். புகழும் சொல்லும் புகழும் குரலும் சேர்ந்து வந்தபோதுதான் நாயின் மூளையில் சந்தோஷத்துக்கு உரிய பகுதி வேலை செய்தது. கொஞ்சும் குரலில் வெறும் சொல்லைச் சொன்னாலும் பலிக்கவில்லை. கடுகடுவென்று “சபாஷ்” என்றாலும் பலிக்கவில்லை.

ஊர்ப் பழக்கத்தில் “தோ, தோ” என்றால் கூப்பிடுவது. “சூ” என்றால் ஏவிவிடுவது. இரண்டும் நல்ல தெளிவான சத்தங்கள். கெடுப்பது மனிதர்கள்தான். சாயங்காலம் பிள்ளைகள் வேடிக்கைக்காக எதிர்வீட்டுக் கோழி மேல் சூக்காட்டுகிறார்கள். மறுநாள் நாய் தானாகவே தபால்காரர் மேல் பாய்கிறது. அப்போது தடியை எடுக்கிறார் அப்பா.

கல்லில் வெட்டிய விதி

ஒரே வீட்டில் அப்பா நாயைத் திண்ணையில் ஏறக் கூடாது என்பார். பாட்டி ஏற்றிவைத்துச் சோறு போடுவார். பிள்ளைகள் ஒரு நாள் கொஞ்சுவார்கள். பள்ளிச் சட்டை போட்ட அன்று உதைப்பார்கள்.

உத்திரமேரூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லிக் காட்ட வேறு ஊர் போக வேண்டாம். அவர்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரே இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், குடவோலைத் தேர்தல் விதிகளை அங்கே வெட்டி வைத்தார்கள். முதலில் 30 முதல் 60 வயதுக்குள் உள்ளவர்கள் என்றிருந்தது. பிறகு 35 முதல் 70 வரை என்று திருத்தினார்கள். திருத்தியதையும் மறுபடி கல்லில் வெட்டினார்கள்! விதி மாறியது தெரியாது என்று ஒருவரும் சொல்ல முடியாது.

நாய்க்குக் கல்வெட்டு படிக்கத் தெரியாது. வீட்டார் தினமும் நடந்துகொள்கிற விதம்தான் அதற்குக் கல்வெட்டு. ஆகவே முதலில் வீட்டார் கூடி உட்கார்ந்து ஐந்து சொற்களை முடிவு செய்யட்டும். திண்ணை உண்டா, இல்லையா என்பதையும் அப்போதே தீர்த்துவிடட்டும்.

நாயும் பேசுகிறது

மனிதன் நாயிடம் பேசுவது பாதிதான். நாய் பேசுவதையும் கேட்க வேண்டும். களத்தில் மணி திடீரென்று கொட்டாவி விடுகிறது. தூக்கம் அல்ல, பதற்றமாக இருக்கலாம். உதட்டை நக்கிக்கொள்கிறது, முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, வாலைக் காலுக்கிடையே இடுக்குகிறது. “போதும், விட்டுவிடு” என்று அர்த்தம். அதையும் மீறினால் உடம்பு விறைக்கும். பிறகு உறுமல்.

உறுமுகிற நாயை அடிக்கக் கூடாது. உறுமல் என்பது கடிப்பதற்கு முன் அது கொடுக்கிற நோட்டீஸ். அடித்து உறுமலை நிறுத்திவிட்டால், பிறகு ஒரு நாள் நோட்டீஸ் இல்லாமலே கடிக்கும். கடிபடுவது பெரும்பாலும் வீட்டுக் குழந்தை. தின்னும்போது, தூங்கும்போது, குட்டிகளோடு இருக்கும்போது நாயைச் சீண்டாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்க வேண்டும். வளர்க்கும் நாய்க்கு வருஷம் தவறாமல் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். எந்த நாய் கடித்தாலும் உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக்கொண்டு உட்காரக் கூடாது.

பயிற்சியிலும் அளவு வேண்டும். குட்டி நாயை உயரம் தாண்ட வைக்கக் கூடாது. எலும்பு முற்றி முழு வளர்ச்சி வரும்வரை, அதாவது ஒரு வயது ஒன்றரை வயது வரை, கம்பு தரையோடு தரையாகக் கிடக்கட்டும். சித்திரை வைகாசியில் விடியற்காலையில் மட்டும்தான். நாய்க்கு மனிதனைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். புறங்கையைத் தரையில் வைத்துப் பாருங்கள். கை சுட்டால் அதன் காலும் சுடும்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம்

மறுபடி கடைத்தெரு. மணி கயிற்றை உருவிக்கொண்டு ரோட்டைத் தாண்டிவிட்டது. பையன் இந்தப் பக்கம். பஸ் வருகிறது.

இப்போது “வா” என்று கத்தினால் மணி நேராகச் சக்கரத்தில் வந்து விழும். பையன் கத்தவில்லை. உள்ளங்கையை முன்னால் நீட்டி, “நில்!” என்கிறான். கயிற்றுக் கட்டிலில் தினமும் கேட்ட சொல். அதே கை. மணி நின்ற இடத்தில் நிற்கிறது. பஸ் போய்விட்டது. பையன் இரண்டு பக்கமும் பார்க்கிறான். ரோடு காலி. அப்புறம் துரத்தவில்லை. முதுகைக் காட்டித் திரும்பி, வீட்டுப் பக்கமாக நாலு எட்டு ஓடி, “மணி, வா!” என்கிறான்.

இந்தத் தடவை வாயும் காலும் ஒன்றையே சொல்கின்றன. மணி ரோட்டைத் தாண்டி அவன் பின்னாலேயே ஓடி வருகிறது. மடியில் முட்டைத் துண்டு இருக்கிறதா என்று முகர்ந்து பார்க்கிறது.