ஸ்போர்ட்ஸ் காரில் 6 சிலிண்டரை எடுத்துவிட்டு 4 சிலிண்டர் வைக்கலாமா? கம்பெனி செய்தால் ஓகே, நீங்கள் செய்தால் என்ன ஆகும்?

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மதுரையில் ஒருவர் பல வருட ஆசையில் ஒரு பழைய போர்ஷே பாக்ஸ்டரை செகண்ட் ஹேண்டில் வாங்குகிறார். ஆறு மாதம் ஜோராக ஓடுகிறது. ஒரு நாள் உத்தங்குடி பக்கம் ரிங் ரோட்டில் 'டக்' என்று ஒரு சத்தம். என்ஜின் அவுட். கம்பெனி என்ஜினுக்கு விலை கேட்டால், கார் வாங்கிய விலையையே தொட்டுவிடும் போல இருக்கிறது. அப்போது பக்கத்தில் நிற்கும் மெக்கானிக் சொல்வார்: "அண்ணே, இதுக்கு எதுக்கு அவ்ளோ செலவு? நல்ல நாலு சிலிண்டர் என்ஜின் ஒண்ணு இருக்கு. தூக்கி வச்சிடலாம்."

வைக்க முடியுமா? முடியும். வெளிநாடுகளில் பலர் வைத்து ஓட்டிக்கொண்டும் இருக்கிறார்கள். ஆனா மதுரையில் வைத்தால், அந்த கார் ரோட்டில் ஓடலாமா என்பது வேறு கேள்வி. இரண்டையும் பார்க்கலாம்.

மிட் என்ஜின் என்றால் என்ன?

சாதாரண காரில் பானெட்டைத் தூக்கினால் என்ஜின் தெரியும். மிட் என்ஜின் ஸ்போர்ட்ஸ் காரில் அது டிரைவர் சீட்டுக்குப் பின்னால், பின் சக்கரங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்.

இது ஏதோ ஃபாரின் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். மாருதி ஆம்னி வேனில் முன் சீட்டைத் தூக்கினால் கீழே என்ஜின் இருக்கும். மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்கு காய்கறி ஏற்றி வரும் டாடா ஏஸிலும் என்ஜின் சீட்டுக்கு அடியில்தான். அங்கே இடத்தை மிச்சம் பிடிக்க அப்படி வைத்தார்கள். ஸ்போர்ட்ஸ் காரில் காரணம் வேறு: திரும்பும் வேகம்.

கரகாட்டம் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். கரகத்தைத் தலையில் வைத்தவர் நின்ற இடத்தில் சட்டென்று சுழன்று விடுவார். எடை முழுக்க அவர் உடம்பின் நேர்மேலே இருக்கிறது. அதே எடையை ஒரு நீளக் கம்பின் இரண்டு நுனியிலும் தொங்கவிட்டு தோளில் சுமக்கச் சொல்லுங்கள். திரும்ப நேரமாகும், திரும்பிய பிறகு நிறுத்தவும் நேரமாகும். காரிலேயே கனமான பொருள் என்ஜின். அது நடுவில் இருந்தால் கார் கரகம் எடுத்தவர் மாதிரி திரும்பும்.

அதில் ஒரு ஆபத்தும் உண்டு. சட்டென்று திரும்பும் கார், பிடி விட்டால் சட்டென்று சுற்றியும் விடும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

நாலு சிலிண்டர் என்றால் மட்டமா?

இல்லவே இல்லை. போர்ஷே கம்பெனியே இதைச் செய்திருக்கிறது. 2016-ல் பாக்ஸ்டர், கேமன் கார்களுக்கு 718 என்று புதுப் பெயர் வைத்தபோது, ஆறு சிலிண்டரை எடுத்துவிட்டு நாலு சிலிண்டர் டர்போ என்ஜின் வைத்தது. பழைய 2.7 லிட்டர் என்ஜின் கொடுத்தது 265 குதிரைத்திறன். புதிய 2 லிட்டர் என்ஜின் கொடுத்தது 300. இழுவை, அதாவது டார்க், 280 நியூட்டன் மீட்டரில் இருந்து 380-க்குப் போனது. என்ஜின் சின்னது, பவர் பெரியது. டர்போவின் வேலை அது: வெளியே போகும் புகையின் வேகத்திலேயே ஒரு விசிறியைச் சுழற்றி, சிலிண்டருக்குள் அதிகக் காற்றை அழுத்தி அனுப்புகிறது.

ஆனாலும் ரசிகர்கள் கோபப்பட்டார்கள். காரணம் சத்தம்! ஆறு சிலிண்டரின் அந்த உறுமல் போய்விட்டது என்பதுதான் பெரிய புகார். 2020-ல் ஜி.டி.எஸ். மாடலில் 4 லிட்டர் ஆறு சிலிண்டரை போர்ஷே திரும்பக் கொண்டுவந்தது. காகிதத்தில் இருக்கும் நம்பரை மட்டும் பார்த்து யாரும் ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவதில்லை போலிருக்கிறது.

நம் நாட்டிலும் உதாரணம் இருக்கிறது. 2012 டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் அறிமுகமாகி 2015-ல் விற்பனைக்கு வந்த டிசி அவந்தி, இந்தியாவில் உருவான மிட் என்ஜின் ஸ்போர்ட்ஸ் கார். அதற்குள் இருந்தது ரெனோவின் 2 லிட்டர் நாலு சிலிண்டர் டர்போ என்ஜின்.

என்ஜினைச் சின்னதாக்குவதற்கு எப்போதும் எரிபொருள் சிக்கனம்தான் காரணம் என்றும் இல்லை. வரியும் கோர்ட்டும்கூட காரணம் ஆகும். இத்தாலியில் 2 லிட்டருக்கு மேல் போனால் வரி எகிறும் என்பதால், ஃபெராரியே 1975-ல் 2 லிட்டருக்குள் ஒரு குட்டி எட்டு சிலிண்டர் என்ஜினை மிட் என்ஜின் காரில் வைத்து விற்றது. 2015 டிசம்பரில் டெல்லி வட்டாரத்தில் 2000 சிசி மற்றும் அதற்கு மேற்பட்ட டீசல் கார்களைப் பதிவு செய்ய சுப்ரீம் கோர்ட் தடை போட்டது. அடுத்த மாதமே மஹிந்திரா ஸ்கார்பியோவுக்கு 1.99 லிட்டர் என்ஜினைக் கொண்டுவந்துவிட்டது. தடை 2016 ஆகஸ்டில் நீங்கியது.

பட்டறையில் மாற்றினால் என்னென்ன வேலை?

முதல் தலைமுறை பாக்ஸ்டரை எடுத்துக்கொள்வோம். அந்தக் காலத்து போர்ஷே என்ஜின்களில் இன்டர்மீடியட் ஷாஃப்ட் பேரிங் என்று ஒரு சின்ன உறுப்பு உண்டு. அது உடைந்தால் என்ஜினே மொத்தமாகப் போய்விடும். இந்தக் குறையால் பாக்ஸ்டர் விலை குறைந்தது, என்ஜின் இல்லாத பாக்ஸ்டர்களும் மலிவாகக் கிடைத்தன. அமெரிக்கா, ஐரோப்பாவில் சிலர் அதில் சுபாரு காரின் நாலு சிலிண்டர் என்ஜினை வைக்கத் தொடங்கியது அப்படித்தான். சுபாரு ஏன் என்றால், போர்ஷே போலவே அதிலும் சிலிண்டர்கள் இரு பக்கமும் படுத்த நிலையில் இருக்கும். உயரம் குறைவு, பழைய என்ஜின் இருந்த பள்ளத்தில் உட்காரும்.

உட்காருவது எளிது. வேலை அதற்குப் பிறகுதான். புது என்ஜினின் போல்ட் துளைகள் பழைய கியர் பாக்ஸின் துளைகளோடு பொருந்தாது. நடுவில் ஒரு அடாப்டர் பிளேட் கடைந்து போட வேண்டும். நல்ல லேத் பட்டறை இருந்தால் இதைச் செய்துவிடலாம். ஆனால் மையம் ஒரு மயிரிழை விலகினாலும் கியர் பாக்ஸ் ஷாஃப்டும் கிளட்சும் சீக்கிரமே போய்விடும்.

அடுத்தது ஈ.சி.யூ., அதாவது என்ஜினின் மூளை. கார் ஒரு கம்பெனி, என்ஜின் வேறொரு கம்பெனி. சாவி, மீட்டர், ஏசி எல்லாம் பழைய மூளையோடு பேசிப் பழகியவை. புது மூளைக்கு அந்த பாஷை தெரியாது. இந்த மாதிரி வேலைகளில் பாதியில் நின்று, ஷெட்டில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கும் கார்கள் பலவற்றுக்கும் வயரிங்தான் காரணமாக இருக்கும்.

மூன்றாவது, நம் ஊருக்கே உரிய பிரச்சனை: சூடு. மதுரையில் கோடையில் 40 டிகிரியைத் தாண்டுவது புது செய்தி இல்லை. மிட் என்ஜின் காரில் எதிர்க்காற்று என்ஜின் மீது நேராகப் படாது. பாக்ஸ்டரில் ரேடியேட்டர் காரின் மூக்கில், என்ஜின் முதுகுக்குப் பின்னால். தண்ணீர் காரின் அடிவயிறு வழியாக நீளக் குழாயில் போய் வர வேண்டும். இதில் டர்போ என்ஜினும் வைத்தால், அழுத்திய காற்றைக் குளிரவைக்க இன்டர்கூலர் தேவை. அதை எங்கே வைப்பது, அதற்குக் காற்று எங்கிருந்து வரும்? ஓடும்போது பரவாயில்லை. மே மாத மதியம் காளவாசல் சிக்னலில் நின்றால் டெம்பரேச்சர் முள் மேலே ஏறுவதைப் பார்க்கலாம்.

நாலாவது, எடை. வைத்த என்ஜின் பழையதைவிட லேசாக இருந்தால் காரின் பின்பக்கம் கொஞ்சம் தூக்கிக்கொள்ளும். ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், பிரேக் எல்லாம் பழைய எடைக்குக் கணக்குப் போட்டு வைத்தவை. மேலே சொன்ன ஆபத்து இங்கேதான் வருகிறது. வளைவில் டர்போ திடீரென்று வேகம் கொடுத்தால் பின்பக்கம் இழுத்துக்கொண்டு சுற்றும். கம்பெனி இதையெல்லாம் சோதனைத் தடத்தில் மாதக்கணக்கில் ஓட்டிப் பார்த்துச் சரிசெய்கிறது. பட்டறையில் மாற்றிய காரின் சோதனைத் தடம் எது? திருமங்கலம் போகும் நான்கு வழிச்சாலைதான். அங்கே எதிரே டிராக்டர் தவறான திசையில் வரும், ஆடு குறுக்கே போகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

உங்கள் ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். அதில் என்ஜின் நம்பர், சேசிஸ் நம்பரோடு சிலிண்டர் எண்ணிக்கையும் சிசியும் இருக்கும். ஆறு சிலிண்டர் காரில் நாலு சிலிண்டர் வைத்த நிமிடத்திலேயே அந்த ஆர்.சி. பொய் சொல்லத் தொடங்குகிறது.

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுதான் இங்கே முக்கியம். முதலில் இந்தப் பிரிவு, ஆர்.டி.ஓ.விடம் சொல்லி அனுமதி வாங்கி மாற்றங்கள் செய்ய இடம் கொடுத்தது. 2000-ல் வந்த திருத்தம் அதை இறுக்கியது. தயாரிப்பாளர் சொன்ன விவரங்களுக்கு மாறாக ஆர்.சி. விவரங்கள் ஆகும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று ஆனது. மாற்றங்களுக்கு இடம் கொடுத்த கேரள ஐகோர்ட் தீர்ப்பை ரத்து செய்து, 2019 ஜனவரி 9-ம் தேதி சுப்ரீம் கோர்ட்டும் இதையே உறுதி செய்தது.

மீறினால்? 2019 திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

"5,000 தானே, கட்டிவிட்டுப் போறேன்" என்று சொல்பவர்கள் இருப்பார்கள். உண்மையான அடி அபராதம் இல்லை, இன்சூரன்ஸ். மாற்றிய விஷயத்தைச் சொல்லாமல் பாலிசி எடுத்திருந்தால், விபத்துக்குப் பிறகு சர்வேயர் என்ஜின் நம்பரைப் பார்ப்பார். கார் சேதத்துக்கான கிளெய்ம் அதோடு நின்றுவிடலாம். அதைவிடப் பெரிய கேள்வி, அந்த கார் இன்னொருவர் மீது மோதினால் என்பது. பாதிக்கப்பட்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பணம் கொடுத்துவிட்டு, பிறகு கார் உரிமையாளரிடம் அதை வசூலித்துக்கொள்ள கோர்ட் உத்தரவிடும் வழக்கம் உண்டு. ஒரு உயிர் போனால் அந்தத் தொகை லட்சங்களில் வரும். வீடு, நிலம் விற்க வேண்டிய நிலைகூட வரலாம். சாவு நடந்த குடும்பத்துக்கோ, பணம் கைக்கு வரும் வரை கோர்ட் அலைச்சல்.

மாட்டாமல் ஓட்டிவிடலாம் என்ற நினைப்பும் ரொம்ப நாள் நிலைக்காது. தனிநபர் காரின் பதிவு 15 வருடத்துக்குத்தான். அதன்பிறகு புதுப்பிக்க வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். டி.என். 58, 59, 64 என்று மதுரையின் எந்த ஆபீஸ் எண்ணாக இருந்தாலும் நடைமுறை ஒன்றுதான். பழைய பாக்ஸ்டர்களோ ஏற்கனவே அந்த வயதைத் தாண்டியவை. பில் இல்லாத காயலான் கடை என்ஜின் என்றால், திருட்டு வண்டியின் என்ஜினா என்ற விசாரணையும் சேர்ந்துகொள்ளும்.

அப்போ வழியே இல்லையா?

இருக்கிறது. அதே கம்பெனி, அதே மாடல் என்ஜின் என்றால் ஆர்.டி.ஓ. அனுமதியோடு மாற்றி, புது நம்பரை ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ளலாம். பில்லை மட்டும் தொலைக்காதீர்கள்.

இரண்டாவது வழி கொஞ்சம் வேடிக்கையானது. பெட்ரோல் என்ஜினை எடுத்துவிட்டு வேறு பெட்ரோல் என்ஜின் வைக்கத்தான் தடை. அங்கீகாரம் பெற்ற கிட் மூலம் சி.என்.ஜி., எல்.பி.ஜி., பேட்டரிக்கு மாற, நிபந்தனைகளோடு 52-வது பிரிவே அனுமதிக்கிறது. மதுரைக்கு இது புதிதும் இல்லை. இரண்டாம் உலகப் போர் காலத்தில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, மதுரையில் பஸ் விட்டுக்கொண்டிருந்த டி.வி.எஸ். நிறுவனம், கரியை எரித்து வரும் வாயுவில் என்ஜினை ஓட்டும் கருவியைத் தயாரித்தது. அதைப் பொருத்திக்கொண்டு பஸ்கள் ஓடின. ஆனா ஒரு பழைய பாக்ஸ்டருக்குப் பொருந்தும் அங்கீகரிக்கப்பட்ட பேட்டரி கிட்டைத் தேடிப் பிடிப்பது லேசான காரியம் இல்லை.

மூன்றாவது, ரேஸ் டிராக். பொது ரோட்டைத் தொடாத, லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் டிராக்கில் மட்டும் ஓட்டும் காருக்கு இந்தக் கதை பொருந்தாது. கோவை அருகே செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் எல்.ஜி.பி. ஃபார்முலா 4 கார்கள் ஓடுவதைப் பார்த்திருக்கலாம். அவற்றில் டிரைவர் முதுகுக்குப் பின்னால் உறுமுவது மாருதி ஸ்விஃப்ட்டின் 1.3 லிட்டர் நாலு சிலிண்டர் என்ஜின்தான். அந்த டிராக்குக்குப் பெயர் கொடுத்த எஸ்.கரிவரதன், 1980-களின் கடைசியிலேயே மாருதி 800 என்ஜினைப் பின்னால் வைத்து ஃபார்முலா மாருதி ரேஸ் கார்களைக் கோவையில் உருவாக்கியவர்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். பாக்ஸ்டரில் முன் பானெட்டைத் தூக்கினால் டிக்கி இருக்கும். பின்னால் தூக்கினாலும் டிக்கிதான். என்ஜின் எங்கிருந்தும் கண்ணில் படாது. காரை லிஃப்டில் ஏற்றி, கீழே நின்று டார்ச் அடித்து, என்ஜின் நம்பரை ஆர்.சி.யோடு ஒத்துப்பாருங்கள். விற்பவர் லிஃப்டில் ஏற்ற வேண்டாம் என்றால், அட்வான்ஸ் கொடுக்காமல் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.