உங்களுக்குத் தெரியுமா? பாலுமகேந்திராவின் யதார்த்தச் சித்திரங்கள்

மட்டக்களப்புச் சீமையில் பிறந்து, பள்ளிப் பிராயத்தில் ஆங்கில டைரக்டர் டேவிட் லீன் இலங்கையில் படம் பிடித்ததை நேரில் கண்டு, சினிமாவே தம் ஜீவிதமென்று சங்கல்பம் செய்துகொண்ட பாலுமகேந்திரா, பூனா திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்று, 1988-இல் ‘வீடு’ என்னும் உன்னத சிருஷ்டியை அளித்தார். பாட்டில்லை, சண்டையில்லை, சென்னையில் சொந்த வீடு கட்ட முனையும் மத்தியதர உத்தியோகப் பெண் சுதாவும், சொக்கலிங்க பாகவதர் நடித்த வயோதிகத் தாத்தாவும், திருட்டுத்தனமாக விலைபோகும் சிமெண்ட் மூட்டைகளும், அந்த அக்கிரமத்தை அம்பலப்படுத்தும் சித்தாள் மங்கம்மாவுமே கதை. படத்துக்கென்று மெய்யாகவே ஒரு கட்டடம் எழுப்பப்பட்டபடியால், செங்கல் வரிசை ஏற ஏறக் கைப்பணம் கரையும் வேதனை பார்ப்பவர் நெஞ்சையும் பிசைகிறது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது இதற்கும், சிறந்த நடிகை விருது சுதாவாக நடித்த அர்ச்சனாவுக்கும் கிடைத்தன.

முதுமையின் அவலத்தைச் சொல்லும் அவரது ‘சந்தியா ராகம்’ தூர்தர்ஷனுக்காக உருவானது. பிற்பாடு சன் டி.வி.யில் தமிழ்ச் சிறுகதைகளை அவர் குறும்படங்களாக்கிய ‘கதை நேரம்’, நம் எழுத்தாளர்களுக்குச் சின்னத்திரை செய்த ஆகப்பெரிய மரியாதை என்பது என் அபிப்பிராயம். அந்தக் கதைகளும் திரைக்கதைகளும் நூலுருப் பெற்றது நம் திருவண்ணாமலையில், வம்சி பதிப்பகத்தின் வாயிலாக.